ஆறிய தேநீருக்கு ஓர் அறை

பொய் எழுதத் தெரியாதவர்கள் கையில் விடுமுறைப் படிவத்தைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கதையில் வருகிறவளே சாட்சி.

தேயிலைக் கம்பெனியில் அவளை எல்லாரும் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினாறு வருடமாக அவள் செய்கிற வேலை தேநீரை வாயில் உறிஞ்சுவது, துப்புவது, இது இப்படி என்று சொல்வது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். உட்கார்ந்து டீ குடிப்பதற்கு ஓர் ஆளா என்பார்கள். முதலாவது, அந்த வேலையில் உட்காரவே முடியாது. இரண்டாவது, ஒரு சொட்டுகூடக் குடிப்பதில்லை.

சுவை அறையின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்த வெளிச்சத்தில் நீளமாக ஒரு மேஜை. மேஜைமேல் மூடி போட்ட வெள்ளைக் குடுவைகள் நாற்பது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளைக் கோப்பை. கெட்டிலக்கா என்று பெயர் வாங்கிய ஓர் அம்மாள் ஒவ்வொரு குடுவையிலும் ஒவ்வொரு சரக்கின் தேயிலையை நிறுத்துப் போட்டு, கொதிநீர் ஊற்றி, மணி அடிக்கிறவரை காத்திருந்து, சாற்றைக் கோப்பைகளில் வடிப்பாள். அதன் பிறகு சுவை பார்ப்பவர்கள் ஆறு பேரும் வரிசையாக நகர்வார்கள். ஆளுக்கொரு கரண்டி. ஆனால் எல்லாக் கரண்டியும் முங்குவது அதே நாற்பது கோப்பையில்தான். கரண்டியில் அள்ளி, சர்ரென்று நாக்கின் கடைசிவரை தெறிக்க உறிஞ்சி, சக்கரம் வைத்த ஒரு பொதுத் துப்பல் தொட்டியில் துப்பி, மதிப்பைச் சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். ஆறு பேர் வரிசையாக உறிஞ்சும்போது கேட்கிற சத்தம் நாகரிகமானது அல்ல.

வரிசையில் முதலில் நிற்பது தராசு. வயதால் வந்த இடம் இல்லை. அவளுக்கு அடுத்து நின்ற மீசைக்காரர் அவளைவிட ஒன்பது வருடம் மூத்தவர். நாக்கால் வந்த இடம் அது. முதல் ஆள் சாறு சூடாக இருக்கும்போது சொல்வதுதான் மேஜையின் பேச்சு. பின்னால் வருகிறவர்கள் அதை ஒட்டி ஒன்று கூட்டுவார்கள், ஒன்று குறைப்பார்கள், அவ்வளவுதான். அந்த ஓரடி அகலத் தரையில் நிற்கும்போது மட்டும்தான் தான் யாரென்று அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இருப்பதை இருக்கிறபடி சொல்வது அவளுக்கு வேலை மட்டும் இல்லை, வியாதியும்கூட. விருந்துக்குக் கூப்பிட்ட நாத்தனார் சாப்பாடு எப்படி என்று கேட்டபோது, உப்பு அரைச் சிட்டிகை கூட, எண்ணெய் பழையது என்று சொன்னவள். அந்த நாத்தனார் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. கேட்டதைத்தானே சொன்னேன் என்று இவளும் விட்டுவிட்டாள்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கீழுதட்டின் இடது ஓரத்தில் கொப்புளம் வரும். வருடத்துக்கு இரண்டு தடவை, அதிகம் போனால் மூன்று. முதலில் ஒரு குறுகுறுப்பு, அப்புறம் கொத்தாகச் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள், உடைந்து பொருக்குத் தட்டி ஒரு வாரத்தில் போய்விடும். குறுகுறுப்பு தொடங்கிய அன்றே அவள் சுவை அறைக்கு வருவதை நிறுத்திக்கொள்வாள். யாரும் சொல்லி அல்ல. பொதுக் கோப்பையில் புண் வாயோடு கரண்டி விடக் கூடாது என்பது அவளாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. உதட்டில் புண் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் வீட்டில் இருப்பாள், மிச்ச நாளைக்கு இலை பார்க்கிற மேஜைக்கு மாறிக்கொள்வாள். திரும்பி வந்தால், சூடாக உறிஞ்சி வெந்துவிட்டதா என்று மீசைக்காரர் கிண்டல் செய்வார். பதினாறு வருடம் இப்படியே போயிற்று. ஒரு பிரச்சினையும் இல்லை.

அந்த வருடம் படிவத்தை மாற்றினார்கள். இரண்டு நாளுக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்த்திருக்க வேண்டும், நோயின் பெயரைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று ஒரு புதுக் கட்டம். அந்தத் தடவை பார்த்துக் கொப்புளம் முரடாக வந்து நாலு நாளாகிவிட்டது. மருத்துவர் சின்ன வயதுப் பெண். பார்த்த மாத்திரத்தில் இது ஹெர்ப்பீஸ் என்றாள். பயப்பட வேண்டாம், உலகத்தில் மூன்று பேரில் இரண்டு பேர் உடம்பில் இந்தக் கிருமி இருக்கிறது, முக்கால்வாசிப் பேருக்குத் தெரியவே தெரியாது, உள்ளே வந்தால் போகாது, நரம்பில் படுத்துத் தூங்கும், காய்ச்சலோ வெயிலோ கவலையோ வந்தால் எழுந்துகொள்ளும், அவ்வளவுதான் என்றாள். உங்களுக்குக் குழந்தையாக இருக்கும்போதே யாராவது ஆசையாக முத்தம் கொடுத்து வந்திருக்கும் என்றும் சொன்னாள். தராசுக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை நாள் பெயரில்லாமல் இருந்த ஒன்றுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பெயர் தெரிந்தால் அவளுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அந்தப் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல், கட்டத்துக்கு வெளியே ஒரு கோடுகூடப் போகாமல், படிவத்தில் எழுதினாள். காய்ச்சல் என்று எழுதியிருந்தால் கதை இந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

படிவங்களை வாங்கி அடுக்குகிற எழுத்தர் கெட்டவர் இல்லை. ஆனால் தெரியாத சொல்லைக் கண்டால் கை பரபரக்கிற மனிதர். போனை எடுத்துத் தட்டினார். போன் உதட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இடுப்புக்குக் கீழே போய்விட்டது. அதே குடும்பத்துக் கிருமி அங்கேயும் வரும் என்பது உண்மைதான். அங்கே வந்தாலும் அது நோய்தான், களவு இல்லை, கொலை இல்லை. ஆனால் எழுத்தர் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. படித்த நாலு வரியை மதியச் சாப்பாட்டு மேஜையில் மெதுவான குரலில் சொன்னார். மெதுவான குரலில் சொல்வதுதான் எல்லார் காதிலும் விழும். சாயங்காலத்துக்குள் அதற்குக் காது மூக்கு எல்லாம் முளைத்து, தராசின் வீட்டுக்காரர்வரை இழுத்துவிட்டிருந்தார்கள்.

பத்து நாள் கழித்து உதடு சுத்தமாக ஆறிய பிறகு அவள் சுவை அறைக்கு வந்தாள். மேஜையின் கடைக்கோடியில், தரையில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி இருந்தது. புதுசு. விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. யாரோ தரை துடைக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் தன் இடத்துக்குப் போனாள். அங்கே மீசைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் அவளைப் பார்க்காமல் கரண்டியைத் துடைத்தார். ஐந்து பேரும் ஒரு ஆள் இடம் முன்னால் தள்ளி நின்றிருந்தார்கள். அப்போதுதான் அந்த வாளி யாருக்கு என்று அவளுக்குப் புரிந்தது.

மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மரியாதையான மனிதர். குரலை உயர்த்தியதே கிடையாது.

"தப்பா நினைக்காதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. மத்தவங்க மனசையும் பாக்கணும்ல. நீங்க கடைசியா பாருங்க, அவ்வளவுதான்."

எத்தனை நாளைக்கு என்று அவள் கேட்டாள். கொஞ்ச நாள்தான், எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்றார். மருத்துவரிடம் கடிதம் வாங்கி வந்தால் திரும்பத் தன் இடத்தில் நிற்கலாமா என்று கேட்டாள். தாராளமாக என்றார்.

அவள் மறுநாளே போய் வாங்கி வந்தாள். புண் இல்லாத நாட்களில், தனிக் கரண்டி பயன்படுத்தும்போது, இவரிடமிருந்து பிறருக்குப் பரவும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். மேலாளர் இரண்டு முறை படித்தார். பென்சிலை எடுத்துக் கடைசிச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

"குறைவுன்னா, இருக்குன்னுதானே அர்த்தம்?"

இல்லவே இல்லை என்று எழுதித் தரச் சொல்லி அந்த மருத்துவரிடம் போய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்த இடத்தில் தான் இருந்தாலும் குறைவு என்றுதான் எழுதியிருப்பாள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து வாளிக்குப் பக்கத்தில் நின்றாள்.

வீட்டில் கதை வேறு மாதிரி நடந்தது. அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். அவளே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள், நோயின் பெயர் உட்பட. அவரும் போனில் தேடினார். அவரும் நாலு வரியோடு நிறுத்தினார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "யாரு?" என்று ஒரே ஒரு சொல் கேட்டார். பதினோரு வருடம் கூட வாழ்ந்த மனிதர். அவள் எழுந்து போய்க் கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து, முதல் படத்தைக் காட்டினாள். மணமேடை வெளிச்சத்தில் அவள் கீழுதட்டின் இடது ஓரத்தில் சாயம் தடியாக அப்பியிருந்தது. அன்றைக்கே புண் இருந்தது, அதை மறைக்க அலங்காரம் செய்தவள் பட்ட பாடு அவருக்கும் தெரியும். அவர் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ம் என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரும் என்று அவள் காத்திருந்தாள். அடுத்த வாரம் சமையலறை அலமாரியில் புதிதாக ஒரு நீலத் தம்ளர் வந்தது. அது யாருடையது என்று அவர் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. தினமும் அதைத் தனியாகத் தேய்த்துக் கவிழ்த்தாள்.

அம்மாவிடம் சொன்னதுதான் பெரிய தப்பு. அம்மா அடுத்த தெருவில் தனியாக இருந்தாள். அம்மாவுக்கும் காய்ச்சல் வந்தால் உதட்டில் பொரியும், அது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மருத்துவர் சொன்னதை இவள் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் சுருங்கிற்று.

"அப்ப நான்தான் உனக்குக் குடுத்துட்டேனா?"

இல்லம்மா என்று ஒரு சொல் போதும். வாயில் வரவில்லை. ஆமாம்மா, அப்படித்தான் இருக்கும் என்றாள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் சொன்னது சொன்னதுதான். அதற்குப் பிறகு அம்மா இவள் வந்தால் எட்டத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பேசும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டாள். போகும்போது கன்னத்தில் முத்தம் கொடுக்கிற வழக்கம் முப்பத்தொன்பது வருட வழக்கம், அது நின்றுபோயிற்று. வாளியைவிட, தம்ளரைவிட, இதுதான் தராசுக்கு வலித்தது. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

வேலையிலும் பிடி நழுவியது. ஆறாவதாக வருகிறவளுக்கு மிஞ்சுவது ஆறிப்போன சாறு. ஐந்து பேர் நாற்பது கோப்பையை முடித்துத் தள்ளிப் போன பிறகுதான் அவளைத் தொடச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் மேலே ஆடை மாதிரி மங்கல் படர்ந்துவிடும். சூட்டில் நாக்கின் நுனியில் குத்தி எழுகிற துடிப்பு செத்துப் போயிருக்கும். அவள் சொன்ன மதிப்புகள் மற்றவர்கள் சொன்னதோடு ஒட்டவில்லை. மீசைக்காரர் பரிதாபமாகத் தலையை ஆட்டி, விடுங்க, பழையபடி வந்துடும் என்றார். தராசுக்கு முன்னால், இப்போது ஐந்தாவதாக நின்றவள் மேஜையிலேயே இளையவள். மூன்று வருடமாகியும் புதுசு என்றுதான் அவளுக்குப் பெயர். அக்கா அக்கா என்று தராசின் பின்னாலேயே சுற்றி, கரண்டியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தவள். இப்போது தன் கரண்டியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

மேஜையைப் பார்க்கும்போதெல்லாம் தராசு மனதுக்குள் எண்ணுவாள். ஆறு பேர். மூன்றில் இரண்டு என்றால் நாலு பேர். தன்னைத் தவிர இன்னும் மூன்று பேர் இங்கே அதே கிருமியோடு நிற்கிறார்கள், அதே கோப்பையில் கரண்டி விடுகிறார்கள். அது யார் யார் என்று அவர்களுக்கே தெரியாது. அதைச் சொன்னால் இன்னும் வெறுப்பார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் பதினாறு வருட நாக்கு சும்மா கிடக்குமா. இரண்டு மூன்று மாதத்தில் அது ஆறிய சாற்றையும் பிடித்துக்கொண்டது. சூடு மறைத்து வைத்திருக்கிற சில கோணல்கள் சூடு போன பிறகுதான் தலையை நீட்டும் என்று கண்டுகொண்டாள். ஒரு நாள் இருபத்தேழாவது கோப்பையில் அவளுக்கு அடித்தொண்டையில் மெல்லிசாக ஒரு வாடை வந்தது. ஈரச் சாக்கு வாடை. மறுபடி உறிஞ்சினாள். சந்தேகமே இல்லை, பூஞ்சை. மற்ற ஐந்து பேரும் அதற்கு நல்ல மதிப்புப் போட்டிருந்தார்கள். அவள் சொன்னபோது, மதிப்புகளை ஏட்டில் எழுதுகிற எழுத்தர் பேனாவை மூடிவிட்டிருந்தார். மீசைக்காரர் அவளுக்குத்தான் வாய் சரியில்லை என்றார். வேண்டுமென்று சொன்னாரா, வாய் தவறிச் சொன்னாரா தெரியாது. இரண்டு பேர் சிரித்தார்கள். இருபத்தேழு கப்பலேறிப் போயிற்று.

ஏழு வாரம் கழித்து அந்தச் சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. பெட்டியைத் திறந்தபோது கெட்டிலக்காவே மூக்கைப் பொத்திக்கொண்டாள். மேலாளர் பழைய ஏட்டைப் புரட்டச் சொன்னார். ஏட்டில் ஒன்றும் இல்லை. ஆனால் தராசு அன்றைக்கே சொன்னாள் என்று கெட்டிலக்கா சொல்லிவிட்டாள். ஒருவராவது சொன்னாரே.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேலாளர் கூப்பிட்டிருந்தார். அவள் அன்றைக்கு நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டாள். கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கைப்பையில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் மேஜையில் தன் இடம்தான் கண்ணில் நின்றது. ஜன்னல் வெளிச்சம் முதல் கோப்பையில் விழுகிற விதம்கூட நினைவுக்கு வந்தது. எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் பசித்து, இரண்டு வாய் கூடச் சாப்பிட்டுக் கிளம்பியிருந்தாள். மனிதர்களுக்கு நம்பிக்கை வருவதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தால் போதும், மீதியைத் தாங்களே சமைத்துக்கொள்வார்கள்.

மேலாளர் எழுந்து நின்று பாராட்டினார். கம்பெனியின் மானத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டியவர் நீங்கள், நாங்கள்தான் கேட்கவில்லை என்றார். பிறகு அவளை அழைத்துக்கொண்டு போய், சுவை அறைக்குப் பக்கத்தில், பழைய மாதிரிப் பெட்டிகள் போட்டு வைத்திருந்த அறையின் கதவைத் திறந்தார். பெட்டிகள் போயிருந்தன. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். ஒரு சின்ன மேஜை, ஒரு கை கழுவும் தொட்டி, ஒரு நாற்காலி. சுவரில் தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு திறப்பு வெட்டி, அதற்கு ஒரு மரக்கதவும் போட்டிருந்தார்கள். மூலையில் அந்தச் சிவப்பு வாளி.

இனி மேஜையில் பார்த்து முடிந்த எல்லாச் சாறும் ஆறிய பிறகு இந்த அறைக்கு வரும், நீங்கள் சொன்ன பிறகுதான் ஏடு மூடும், இதற்கென்றே ஒரு பதவி, வேறு எந்தக் கம்பெனியிலும் இல்லாதது என்றார். வாசலில் கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். மீசைக்காரர்தான் முதலில் தட்டியது. புதுசும் தட்டினாள்.

தராசு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"சார், எனக்கு மேஜையில என் இடம் வேணும்."

"அதவிடப் பெரிய இடமா குடுத்திருக்கேனே."

"பெரிசு வேண்டாம் சார். என் இடம் போதும்."

மேலாளர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். நீங்கள் நல்ல புத்திசாலி, உங்களுக்கே தெரியும், இப்போது எல்லாருக்கும் நிம்மதி, உங்களுக்கும் மரியாதை, இதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் என்று ஒன்றும் இல்லை. அவள் தப்பாகச் சொல்லியிருந்தால் என்றாவது ஒரு நாள் பாவம் பார்த்து மேஜைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். சரியாகச் சொன்னதால் இந்த அறை நிரந்தரமாகிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். மரக்கதவு திறக்கும், கையுறை போட்ட ஒரு கை தட்டை உள்ளே தள்ளும், கதவு மூடும். சுவருக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர் உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அவள் தனியாக நின்று உறிஞ்சித் துப்பி எழுதுவாள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வேறு கம்பெனியில் கேட்டுப் பார்த்தாள். ஊர் ஊராக இருந்தாலும் இந்தத் தொழில் ஒரு சின்னத் தெரு மாதிரி, இவள் போவதற்கு முன்னாலேயே படிவம் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு தடவை உதட்டில் குறுகுறுத்தது. யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. இந்த அறையில் அவள் வாயிலிருந்து எதுவும் யாருக்கும் போகப் போவதில்லை. மருந்தைத் தடவிக்கொண்டு வேலை பார்த்தாள்.

ஒரு மதியம் அறையின் பெரிய கதவு தட்டப்பட்டது. மரக்கதவு இல்லை, பெரிய கதவு. அதை யாரும் தட்டி அவள் கேட்டதில்லை. திறந்தால் புதுசு நின்றிருந்தாள். மீசைக்காரர் இலை வாங்குகிற பிரிவுக்குப் போன பிறகு வரிசையில் முதல் இடம் அவளுக்கு வந்திருந்தது. நல்ல நாக்கு அவளுக்கு, அதைத் தராசே பல தடவை சொல்லியிருக்கிறாள். வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தாள். உள்ளே வந்து, கதவைச் சாத்திவிட்டு, கைக்குட்டையை எடுத்தாள். மேலுதட்டின் நடுவில் கொத்தாக நாலைந்து கொப்புளம்.

பார்த்தவுடன் தராசுக்கு வந்தது சந்தோஷம். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, இதைப் பற்றிப் பேச ஓர் ஆள் கிடைத்து. நாலு பேரில் இதோ ஒருத்தி. உட்கார வைத்தாள். ஒரு வாரத்தில் போய்விடும், தொட்ட கையைக் கழுவு, கண்ணைத் தேய்க்காதே, குறுகுறுக்கும்போதே மருந்து தடவினால் பெரிதாகாது, புண் காய்கிறவரை யார் கோப்பையிலும் கரண்டி விடாதே, குழந்தைகளுக்கு முத்தம் கொடுக்காதே, வேறொன்றும் இல்லை, நீ நாறிப் போய்விடவில்லை என்று மருத்துவர் தனக்குச் சொன்னதையும் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னாள். அந்தப் பெண் அழுதுகொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்ததும் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்:

"இது உங்ககிட்டேர்ந்துதான் வந்துச்சாக்கா?"

தராசு அவள் உதட்டை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். பிறகு, இல்லை, உனக்குச் சின்ன வயதிலேயே வந்திருக்கலாம், இப்போதுதான் எழுந்திருக்கும் என்றாள். அந்தப் பெண் தலையாட்டினாள். நம்பவில்லை என்று தலையாட்டிய விதத்திலேயே தெரிந்தது.

பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜைமேல் விரித்தாள். நாலு நாள் விடுப்பு. நோயின் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"என்னன்னு எழுதட்டும்க்கா?"

தராசு அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். இவள் உள்ளதை எழுதினால் இரண்டு பேர் ஆகிவிடும். முதல் இடத்தில் நிற்கிறவள், நாக்குள்ளவள். அவளையும் சுவருக்குள் போட்டால் மேஜையில் யார் மிச்சம். ஒருத்தியைத் தள்ளி வைக்கலாம், இரண்டு பேரை எங்கே வைப்பார்கள். அதைப் பார்த்து மூன்றாவது ஆளும் வாயைத் திறக்கலாம். எழுது, உள்ளதை எழுது என்று ஒரு சொல் சொன்னால் போதும். இந்தப் பெண் இன்றைக்கு எதைச் சொன்னாலும் எழுதுவாள். தன் இடம் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இருப்பதாகத் தராசுக்குத் தோன்றியது.

பிறகு மூலையில் இருந்த வாளியைப் பார்த்தாள். சுவரில் இருந்த மரக்கதவைப் பார்த்தாள். இந்த அறையில் இன்னொரு நாற்காலி போட இடம் இருந்தது. போட்டுவிடுவார்கள், கை தட்டிக்கொண்டே போட்டுவிடுவார்கள். எட்டத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மாவும் ஞாபகத்துக்கு வந்தாள்.

"காய்ச்சல்னு எழுது," என்றாள்.

பதினேழு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டுத் தன் பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இருக்குக்கா," என்று அந்தப் பெண் அவசரமாகத் தன் பையைத் திறந்தாள். ரொம்ப நேரம் துழாவி ஒரு பேனாவைக் கண்டெடுத்து எழுதினாள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. எழுதி முடித்து, படிவத்தை மடித்து, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் அக்கா என்றாள். சொல்ல மாட்டேன் என்றாள் தராசு.

அந்தப் பெண் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அதே கைக்குட்டையைக் கதவின் கைப்பிடியில் சுற்றி, கை படாமல் திறந்துகொண்டு போனாள்.

மரக்கதவு திறந்து அன்றைய தட்டு உள்ளே வந்தது. தராசு கரண்டியை எடுத்து முதல் கோப்பையில் விட்டாள். நன்றாக ஆறியிருந்தது.